ஒளித்துவைத்த படம் ஏன் இன்னும் கிளவுடில் இருக்கிறது?

கேள்வி இது: குழந்தையின் தோல் தடிப்பை மருத்துவருக்குக் காட்ட எடுத்த படங்கள், அடையாள அட்டைகளின் படங்கள், கணவன் மனைவிக்குள் இருக்கவேண்டிய சில படங்கள், எல்லாவற்றையும் போனில் 'ஹைட்' செய்தாகிவிட்டது. ஆனாலும் அதே கணக்கு இருக்கும் வீட்டு டேப்லெட்டில் அவை கிடக்கின்றன. பேக்கப்பை அடியோடு நிறுத்தவும் மனமில்லை. போன் தொலைந்தால் மற்ற படங்கள் போய்விடும். இந்தச் சில படங்களை மட்டும் மேலே, அதாவது இணையச் சேமிப்பான கிளவுடுக்கு, ஏறாமல் தடுப்பது எப்படி?

தடுக்கலாம். ஆனால் மறைப்பதும், பூட்டுவதும், ஏற்றாமல் வைப்பதும் மூன்று தனித்தனி வேலைகள் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'ஹைட்' செய்தால், பக்கத்தில் இருப்பவர் படங்களைத் தள்ளிப் பார்க்கும்போது கண்ணில் படாது, அவ்வளவுதான். ஐபோனின் 'ஹிடன்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஓஎஸ் 16 முதல் அது முகத்தையோ பாஸ்கோடையோ கேட்டுத்தான் திறக்கிறது. பெட்டகம் மாதிரித்தான் தோன்றும். ஆனால் ஐகிளவுட் போட்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஆல்பத்தில் உள்ளவையும் மற்ற படங்களோடு சேர்ந்தே ஏறும். அதே கணக்கில் இருக்கும் ஐபேடின் ஹிடன் ஆல்பத்திலும் போய் உட்காரும். கூகுள் போட்டோஸின் 'ஆர்க்கைவ்' இதைவிட லேசானது. முகப்பிலிருந்து எடுத்துவிடும்; தேடினால் வந்து நிற்கும்.

ஆண்ட்ராய்டில் ஒரு படம் மேலே போகும் வழி இது. ஷட்டரை அழுத்தியதும் கோப்பு 'டிசிஐஎம்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'கேமரா' ஃபோல்டரில் விழுகிறது. போனின் மீடியா பட்டியலில் அதற்கு ஒரு வரி சேர்கிறது. படங்களைப் பார்க்க அனுமதி பெற்ற ஒவ்வொரு ஆப்புக்கும் அந்த வரி தெரியும். பேக்கப் ஆப் அதைத் தன் வரிசையில் போட்டுக்கொண்டு, வைஃபை கிடைத்ததும் ஏற்றிவிடுகிறது. நல்ல வைஃபையில் இருந்தால், நீங்கள் படத்தைத் திறந்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் அது ஏறியிருக்கும். எடுத்த பிறகு ஒளிப்பது, ஓடும் வண்டியைத் துரத்திப் பிடிக்கிற வேலை. ஏரோபிளேன் மோடில் எடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது வரிசையைத் தள்ளிப்போடுமே தவிரக் கலைக்காது. நெட் வந்ததும் காத்திருந்த படம் முதல் வேலையாக ஏறும்.

ஆகவே முக்கியமான கேள்வி, படம் எந்த ஃபோல்டரில் பிறக்கிறது என்பதுதான்.

சாம்சங் போன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி 'செக்யூர் ஃபோல்டர்'. அது போனுக்குள் இன்னொரு போன் மாதிரி. அதற்குள்ளேயே ஒரு கேமரா, ஒரு கேலரி இருக்கும். உள்ளே இருக்கும் கேமராவில் எடுத்தால் படம் உள்ளேயே பிறந்து உள்ளேயே தங்கும். வெளியில் இருக்கும் கூகுள் போட்டோஸுக்கோ மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவுக்கோ அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. ஆண்ட்ராய்டு 15-ல் வந்த 'பிரைவேட் ஸ்பேஸ்' ஏறக்குறைய இதே ஏற்பாடு. இரண்டிலும் ஒரே பள்ளம்தான்: அந்தத் தனி இடத்துக்குள் கூகுள் போட்டோஸை வைத்து, வழக்கமான கணக்கில் நுழைந்து, பேக்கப்பையும் போட்டுவிட்டால் எல்லாம் வீண். சுவருக்கு உள்ளிருந்தே ஒரு குழாய் போட்டமாதிரி ஆகிவிடும்.

ஐபோனில் இப்படித் தனி அறை கிடையாது. ஃபோல்டர் ஃபோல்டராகத் தேர்வு செய்யும் வசதியும் இல்லை. ஐகிளவுட் போட்டோஸ் என்றால் போட்டோஸ் ஆப்பில் இருப்பது மொத்தமும் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது. அதனால் அங்கே படம் போட்டோஸ் ஆப்புக்குள் நுழையவே கூடாது. ஆப்பிளின் நோட்ஸ் ஆப் இதற்கு உதவும். அதன் செட்டிங்ஸில் 'ஆன் மை ஐபோன்' என்ற கணக்கை இயக்குங்கள். ஐஓஎஸ் 18 முதல் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் 'ஆப்ஸ்' பிரிவுக்குள் போய் நோட்ஸைத் தேட வேண்டும். அங்கேயே 'சேவ் டு போட்டோஸ்' என்ற சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது எரிந்தால், நோட்ஸுக்குள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நகல் போட்டோஸ் ஆப்புக்குப் போய், அங்கிருந்து ஐகிளவுடுக்கும் போய்விடும். பிறகு 'ஆன் மை ஐபோன்' பகுதியில் ஒரு குறிப்பைத் திறந்து, அதற்குள் இருக்கும் கேமராவாலேயே படம் எடுங்கள். வழக்கமான ஐகிளவுட் பகுதியில் குறிப்பை எழுதினால் அது ஐகிளவுட் வழியாக மற்றச் சாதனங்களுக்கும் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு வகைப் போனிலும் சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பின் கேமரா ஒரு எளிய மாற்று. அதில் எடுத்து 'நோட் டு செல்ஃப்' பகுதியில் உங்களுக்கே அனுப்பிக்கொண்டால், நீங்களாக 'சேவ்' அழுத்தாதவரை படம் கேலரிக்கு வராது. இதே காரியத்துக்கு டெலிகிராமின் 'சேவ்டு மெசேஜஸ்' பகுதியைப் பயன்படுத்துபவர்கள் நிறையப் பேர். அது முழுக்க டெலிகிராமின் சர்வரில் இருக்கும் இடம். ஒரு கிளவுடுக்குத் தப்பி இன்னொரு கிளவுடில் விழுவதில் என்ன லாபம்?

மேலே சொன்ன எதுவும் இல்லாத ஆண்ட்ராய்டு போனில், கூகுள் போட்டோஸின் 'லாக்டு ஃபோல்டர்' கைகொடுக்கும். 2021-ல் பிக்சல் போன்களில் வந்து பிறகு மற்றப் போன்களுக்கும் பரவியது. இதில் தடுமாறுபவர்கள் அதிகம், எனவே நிதானமாகப் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் லாக்டு ஃபோல்டரில் இருப்பது போனை விட்டு நகரவே நகராது. 2023-ல் அதற்கும் பேக்கப் வசதி வந்தது. இப்போது முதன்முறை அமைக்கும்போதே பேக்கப் வேண்டுமா என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' அழுத்தியவர்களின் பூட்டிய படங்களும் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். 'கலெக்ஷன்ஸ்' பக்கத்தில் 'லாக்டு' பகுதியைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் பேக்கப் அணைந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். அதன் பிறகு வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கூகுள் போட்டோஸில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, 'போட்டோஸ் செட்டிங்ஸ்', 'பேக்கப்' என்று போய் சுவிட்சை அணையுங்கள். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை கேமரா படங்களை ஏற்றினால் அவற்றையும்.
2. படத்தை எடுங்கள்.
3. கூகுள் போட்டோஸில் அந்தப் படத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'மூவ் டு லாக்டு ஃபோல்டர்' கொடுங்கள். நகர்த்த அனுமதி கேட்டால் கொடுங்கள்.
4. போனின் சொந்த கேலரி ஆப்பைத் திறந்து, அங்கே படம் இல்லை என்று பாருங்கள். கேலரியின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள்.
5. இப்போது பேக்கப்பை மறுபடி போடுங்கள்.

நாலாவது படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எடுத்த படத்தை கிராப் செய்தோ வெளிச்சம் கூட்டியோ 'சேவ் ஆஸ் காப்பி' கொடுத்திருந்தால், திருத்திய நகல் தனிக் கோப்பு. மூலத்தை மட்டும் பூட்டிவிட்டு, நகலை கேமரா ஃபோல்டரில் விட்டுவிடுவது வெகு சாதாரணமாக நடக்கிற தவறு.

லாக்டு ஃபோல்டருக்கு ஒரு விலையும் உண்டு. பேக்கப் இல்லாத நிலையில், கூகுள் போட்டோஸ் ஆப்பை நீக்கினாலோ, அதன் டேட்டாவை 'கிளியர்' செய்தாலோ, போனை ரீசெட் செய்தாலோ உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். மீட்க வழியில்லை. "போனில் இடம் இல்லை" என்று ஆப் டேட்டாவைத் துடைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

அடையாள அட்டை, பத்திரம் மாதிரியான படங்களுக்கு இவ்வளவு கட்டுக்காவல் தேவையில்லை, ஃபோல்டர் தேர்வே போதும். கூகுள் போட்டோஸில் பேக்கப் இயங்கினால் கேமரா ஃபோல்டர் கட்டாயம் ஏறும். அதை மட்டும் விலக்க முடியாது. மற்ற ஃபோல்டர்கள் உங்கள் விருப்பம். 'பேக்கப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்' பட்டியலைத் திறந்து ஸ்கிரீன்ஷாட், டவுன்லோடு, வாட்ஸ்அப் படங்கள் ஆகியவற்றுக்கு எதிரே உள்ள சுவிட்சுகளைப் பாருங்கள். பட்டியலில் அணைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்கு, ஏறுவதற்கு முன்பே நகர்த்திவிட்ட படம் ஏறாது. புதிய ஃபோல்டர் ஒன்று தோன்றும்போது, இதையும் பேக்கப் செய்யலாமா என்று ஆப் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியைப் படிக்காமல் அழுத்திவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டு.

இன்னொரு பழைய உத்தியும் இருக்கிறது. ஒரு ஃபோல்டருக்குள் வெற்றுக் கோப்பு ஒன்றை வைத்து, அதற்குப் புள்ளியில் தொடங்கி 'நோமீடியா' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல், பின்னால் எந்த வால் எழுத்தும் சேராமல் பெயர் வைத்தால், மீடியா பட்டியல் அந்த ஃபோல்டரைச் சீந்தாது. கேலரியிலும் பேக்கப் பட்டியலிலும் அது தலைகாட்டாது. கேமரா ஃபோல்டரில் இதை முயல வேண்டாம், தனியாக உருவாக்கிய ஃபோல்டரில் வையுங்கள். இது பூட்டு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்: ஃபைல் மேனேஜரில் நுழைந்து பார்ப்பவருக்கும், எல்லாக் கோப்புகளையும் படிக்க அனுமதி வாங்கிய ஆப்புக்கும் அந்தப் படங்கள் பளிச்சென்று தெரியும்.

பின்வாசல்களுக்கு வருவோம். கூகுள் போட்டோஸைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களின் படங்கள் பெரும்பாலும் வேறு ஆப் வழியாகத்தான் கசிகின்றன. சாம்சங் கேலரி ஒன்டிரைவுடன் இணைக்கக்கூடியது. கேலரியின் செட்டிங்ஸிலேயே அந்த சிங்க் (படங்களைத் தானாகவே கிளவுடோடு ஒத்துவைக்கும்) சுவிட்ச் இருக்கும். டிராப்பாக்ஸும் அமேசான் போட்டோஸும், நிறுவும்போது கேட்ட கேள்விக்கு என்றோ 'சரி' சொல்லியிருந்தால், இன்றும் ஏற்றிக்கொண்டிருக்கும். ஃபேஸ்புக் ஆப் 2025-ல், கேமரா படங்களைத் தன் சர்வருக்கு எடுத்துப்போய்ப் பதிவுக்கான யோசனைகள் தருவதாக அனுமதி கேட்கத் தொடங்கியது. அதன் செட்டிங்ஸில் கேமரா ரோல் தொடர்பான பகுதியைத் தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க, ஆண்ட்ராய்டில் 'பர்மிஷன் மேனேஜர்' பக்கத்தில் படங்கள், வீடியோக்கள் பகுதியும், ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'போட்டோஸ்' பகுதியும் உண்டு. ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 14 முதலும், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் ஒரு ஆப்புக்குக் காட்ட முடியும். வங்கி ஆப், சாப்பாட்டு ஆப் போன்றவற்றுக்கு முழு கேலரியையும் திறந்துவிட ஒரு காரணமும் இல்லை.

ஐபோன்காரர்கள் கவனிக்க வேண்டிய பின்வாசல் ஒன்று தனியாக இருக்கிறது. ஐகிளவுட் போட்டோஸை அணைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் ஐகிளவுட் பேக்கப் என்பது வேறு சுவிட்ச். போட்டோஸ் சிங்க் அணைந்திருந்தால், அந்த பேக்கப் 'போட்டோ லைப்ரரி'யைத் தன் மூட்டையில் சேர்த்துக்கொள்ளும். ஐகிளவுட் சேமிப்பு மேலாண்மைப் பக்கத்தில் பேக்கப்பைத் திறந்து, உங்கள் போனின் பெயரைத் தொட்டால் ஆப்களின் பட்டியல் வரும். போட்டோ லைப்ரரியை அங்கே அணைக்கலாம், அந்தரங்கமான படங்கள் உள்ள மற்ற ஆப்களையும் அங்கேயே அணைக்கலாம். சிங்க்கை அணைப்பதற்கு முன் இன்னொன்று: 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' இயங்கியிருந்தால் போனில் இருப்பவை சிறிய பிரதிகளாக இருக்கலாம், மூலப் படங்கள் ஐகிளவுடில் இருக்கும். அணைக்கும்போது வரும் கேள்வியில், மூலங்களைப் பதிவிறக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அது முடியும்வரை காத்திருங்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டு விஷயம். வரும் படங்கள் கேலரியில் விழாமல் இருக்க, ஆண்ட்ராய்டில் 'மீடியா விசிபிலிட்டி'யையும், ஐபோனில் 'சேவ் டு போட்டோஸ்' சுவிட்சையும் அணையுங்கள். இரண்டாவது, வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப். கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ போய் நிற்கும் அந்த மூட்டைக்கு 2021 முதல் முழு மறையாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) போட முடிகிறது. 'சாட்ஸ்', 'சாட் பேக்கப்' என்று போனால் 'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்' இருக்கும். பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்துக்கொள்ளலாம். சாவி தொலைந்தால் யாராலும் திறந்துதர முடியாது. இதெல்லாம் உங்கள் பக்கம். படம் பெறுபவரின் போனில் என்ன சுவிட்ச் எரிகிறது என்பது உங்கள் கையில் இல்லை. மருத்துவருக்கோ துணைக்கோ அனுப்பும்போது 'ஒருமுறை மட்டும்' முறையில் அனுப்பினால் அவர்கள் கேலரியில் அது தங்காது. வேறொரு போனால் திரையைப் படம் பிடிப்பதை எந்த ஆப்பும் தடுக்காது.

மருத்துவப் படம் பற்றி ஒரு நிமிடம் நின்று பேச வேண்டும். 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவர் பார்ப்பதற்காகத் தன் சிறு மகனின் உடல் பகுதியைப் படம் எடுத்தார். அது தானாகவே கூகுள் கணக்கில் ஏறியது. தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படம் என்று குறித்தது. கணக்கு மூடப்பட்டது, மின்னஞ்சல், தொடர்புகள், பல வருடப் படங்கள், எல்லாம் அதோடு போயின. காவல்துறை விசாரித்துக் குற்றம் ஏதுமில்லை என்று முடித்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. குழந்தையின் மருத்துவப் படங்களை சிங்க் ஆகாத இடத்தில் எடுக்கச் சொல்வதற்கு, டேப்லெட்டில் தெரியும் சங்கடத்தைவிடப் பெரிய காரணம் இது.

ஏற்கெனவே ஏறிவிட்டவற்றுக்கு வருகிறேன். கூகுள் போட்டோஸ் ஆப்பில் சாதாரணமாக 'டெலிட்' கொடுத்தால் கிளவுட், போன் இரண்டிலிருந்தும் போகும். எனவே முதலில் கேபிள் வழியாகக் கணினிக்கு ஒரு நகல் எடுங்கள். பிறகு, பேக்கப் அணைந்த லாக்டு ஃபோல்டருக்கு அந்தப் படத்தை நகர்த்தினாலே கிளவுட் நகல் நீங்கிவிடும். லாக்டு ஃபோல்டர் வேண்டாம் என்றால் அழித்துவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். இல்லையென்றால் பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கேயே கிடக்கும். அழித்தவை தன் சர்வர்களிலிருந்து முழுதாக நீங்க ஏறக்குறைய 2 மாதம் ஆகும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. ஐபோனில் அழித்தால் 'ரீசன்ட்லி டெலிட்டட்' ஆல்பத்தில் 30 நாள் இருக்கும், அங்கும் போய் அழிக்க வேண்டும். 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பொத்தான் இதற்கு நேர் எதிரான வேலை செய்கிறது: கிளவுட் நகலை வைத்துக்கொண்டு போனில் இருப்பதை அழிக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

டேப்லெட் பிரச்சினை தனியாக மிச்சமிருக்கிறது. பல பேர் தொடும் சாதனத்தில் உங்கள் சொந்தக் கணக்கு இருக்கவே கூடாது. அதற்கென வேறு கணக்கு போடுங்கள். உங்கள் படங்களை மற்றவரோடு பகிரும் வசதிகளான கூகுள் போட்டோஸின் 'பார்ட்னர் ஷேரிங்', ஐபோனில் ஐஓஎஸ் 16.1-ல் வந்த 'ஷேர்டு லைப்ரரி' இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். ஷேர்டு லைப்ரரியில், கேமராவில் எடுப்பது நேராகப் பொது லைப்ரரிக்குப் போகும்படியும் அமைக்க முடியும். டிவியில் ஸ்கிரீன்சேவராக எந்த ஆல்பம் ஓடுகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, விருந்தாளிகள் வருமுன்.

அந்தரங்கப் படங்களுக்கும் பாதுகாப்பு நகல் வேண்டும். ஒரே போனில் இருக்கும் படம் அந்தப் போனின் ஆயுள்வரைதான். கேபிளில் கணினிக்கு எடுத்து, வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருள் கொண்டு பூட்டிய வெளி டிரைவில் வைப்பது எனக்குப் பிடித்த வழி. கிளவுடே வேண்டுமென்றால், போனை விட்டுக் கிளம்பும் முன்பே மறையாக்கம் ஆகும் ஏற்பாடு வேண்டும். கிரிப்டோமேட்டர் என்ற ஆப் மூலம் பூட்டிய ஃபோல்டரை எந்த டிரைவிலும் வைக்கலாம். என்டே போட்டோஸ் சேவையே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆப்பிளில் 2022 டிசம்பரில், ஐஓஎஸ் 16.2-உடன் வந்த 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன்' ஐகிளவுட் படங்களை ஆப்பிளே திறக்க முடியாதபடி பூட்டுகிறது. ஆனால் ஷேர்டு ஆல்பங்கள் அதற்குள் வராது. மீட்புச் சாவியைப் பத்திரமாகக் காகிதத்தில் எழுதி வைக்கவும் வேண்டும். பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் புதியவர்களுக்கு அந்த வசதியை ஆப்பிள் நிறுத்திவிட்டது.

செய்தது வேலை செய்கிறதா என்பதை அந்தரங்கப் படத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். மேசை மேல் ஒரு பேனாவை வைத்து, நீங்கள் தேர்ந்தெடுத்த முறைப்படியே அதைப் படம் எடுங்கள். போனை வைஃபையில் சார்ஜ் போட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் காலை கணினியில் பிரவுசரைத் திறந்து கூகுள் போட்டோஸ், ஐகிளவுட், ஒன்டிரைவ் என நீங்கள் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தளத்திலும் அந்தப் பேனா இருக்கிறதா என்று தேடுங்கள். போன் ஆப்பில் தேடினால் போதாது. போனில் இருப்பதும் கிளவுடில் இருப்பதும் அங்கே கலந்து தெரியும். பேனா எங்கும் இல்லையென்றால் அந்த வழியை நம்பலாம். புதுப் போன் வாங்கினாலோ, இருக்கும் போனை ரீசெட் செய்தாலோ பேனாவை மறுபடி எடுங்கள், ஏனென்றால் தொடக்க அமைப்பின்போது பேக்கப்பைப் போடச்சொல்லி மறுபடியும் கேட்பார்கள்.